மாம்பழமும் தேக ஆரோக்கியமும்

சித்திரை மாதம் பிறந்தவுடன் சென்னை நகரத்து வீதிகளில் மாம்பழ வாசனை வீசத் தொடங்குகிறது. தியாகராய நகருக்கு மேற்கே, அசோக் நகரை அடுத்துள்ள கே. கே. நகரிலும் அவ்வாறே. 1996-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் காய்கனி வர்த்தகத்திற்கு மத்திய ஸ்தலமாக விளங்கும் கோயம்பேடு அங்காடி அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. சேலம், கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல் முதலிய ஜில்லாக்களிலிருந்தும் ஆந்திர நாட்டிலிருந்தும் இரவில் புறப்பட்ட லாரிகள் விடியற்காலையில் அங்கு வந்து இறங்குகின்றன. பொழுது புலர்ந்து சிறிது நேரத்திற்கெல்லாம் பங்கனபள்ளியும், செந்தூராவும், இமாம் பசந்தும், மல்கோவாவும் கே. கே. நகரின் பழக்கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் அடுக்கப்பட்டுவிடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் நீலம் வந்து பருவத்தை முடித்து வைக்கிறது.

பழத்தைக் கையிலெடுத்துப் பார்க்கும் இல்லத்தரசியின் மனத்தில் இக்காலத்தில் மூன்று ஐயங்கள் எழுகின்றன. மாம்பழம் உஷ்ணம், குழந்தைகளுக்குக் கட்டி வரும் என்று வீட்டிலுள்ள முதியோர் சொல்வது ஒன்று. சர்க்கரை வியாதி உள்ளவர் இதைத் தொடவே கூடாது என்று பலரும் சொல்வது மற்றொன்று. இது கல் வைத்துப் பழுக்கவைத்த பழமாக இருக்குமோ என்னும் அச்சம் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே தன்மையன அல்ல. முதலாவது பெரும்பாலும் ஆதாரமற்றது. இரண்டாவது உண்ணும் அளவைப் பொறுத்தது. மூன்றாவதே மெய்யான தீங்கு. அதை நீக்கும் சக்தி வாங்குவோரிடத்தில் சிறிதளவே உள்ளது. தோப்பிலும் மண்டியிலும் உள்ளோரிடத்திலேயே அது பெரும்பாலும் உள்ளது. ஆகையால் மாம்பழத்தின் நன்மைகளைப் பற்றிய இவ்விஷயம் உண்போரைப்போலவே விளைவிப்போரும் அறிந்திருக்கவேண்டியதாகும்.

பழத்தில் அடங்கிய சத்துக்கள்

நம் நாட்டு உணவுப் பொருள்களில் இன்னின்ன சத்து இவ்வளவு உண்டென்று அளந்து அட்டவணையாக்கும் வேலை தமிழ்நாட்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில்தான் சிறப்பாக நடைபெற்றது. அங்கிருந்த போஷணை ஆராய்ச்சிச்சாலையின் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு 1937-ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பொருள்களின் போஷணை மதிப்பைப் பற்றிய பிரசுரத்தை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிச்சாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய போஷணை நிலையம் என்ற பெயருடன் நடந்து வருகிறது.

இக்காலத்துப் பகுப்பாய்வுகளின்படி, தோலும் கொட்டையும் நீங்கிய மாம்பழச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 60 கலோரி உஷ்ண சக்தியும், 15 கிராம் மாவுப்பொருளும், அதில் பெரும்பகுதியாகச் சர்க்கரையும், ஒன்றரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட நார்ப்பொருளும் உள்ளன. புரதமும் கொழுப்பும் மிகச் சொற்பமே. ‘சி’ ஜீவசத்து ஏறத்தாழ 36 மில்லிகிராம் உண்டு. தேசிய போஷணை நிலையம் 2020-இல் வகுத்த கணக்கின்படி வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும், பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் அச்சத்து தேவை. எனவே 100 கிராம் பழம் ஒரு நாளைய தேவையில் ஏறக்குறைய பாதியை அளித்துவிடுகிறது. இரத்தம் ஊறுவதற்கும், கர்ப்பத்திலுள்ள சிசுவின் வளர்ச்சிக்கும் வேண்டிய ஃபோலிக் சத்தும் 100 கிராமில் நாற்பது மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. இவ்வளவுகள் ஜாதிக்கு ஜாதியும் முதிர்ச்சிக்கு முதிர்ச்சியும் ஓரளவு மாறுபடும்.

‘சி’ ஜீவசத்தினால் மற்றுமொரு பிரயோஜனம் உண்டு. கீரை, கேழ்வரகு, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தைக் குடல் எளிதில் கிரகிப்பதில்லை. அதே உணவுடன் ‘சி’ ஜீவசத்துள்ள கனியும் சேர்ந்தால் அது கூடுதலாகக் கிரகிக்கப்படுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களெனக் காணப்பட்டது. ஆகவே கேழ்வரகுக் களியோ கீரைக் குழம்போ உண்ணும் வேளையில் இரண்டு துண்டு மாம்பழமோ, சிறிது மாங்காய்ப் பச்சடியோ சேர்த்துக்கொள்வது நாவுக்கு மட்டுமன்றி இரத்தத்திற்கும் நல்லது.

காய்க்கும் கனிக்குமுள்ள பேதம்

காய் கனியாகும்போது அதன் உள்ளே பெரிய மாறுதல் நிகழ்கிறது. காயிலிருந்த மாவு சர்க்கரையாகிறது, புளிப்பு குறைகிறது, சதை இளகுகிறது. ‘சி’ ஜீவசத்து காயில் மிகுந்தும் கனியில் சற்றுக் குறைந்தும் காணப்படும். அதற்கு மாறாக, சதைக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் கரோட்டின் என்னும் பொருள் பழுக்கப் பழுக்க மிகுதியாகிறது. இக்கரோட்டினே உடலில் ‘ஏ’ ஜீவசத்தாக மாறி, கண்பார்வையையும் தோலையும் காக்கிறது. அது மிகவும் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் உண்டாகும். முற்றினால் விழியே கெடும்.

ஆயினும் இதில் மிகைபடக் கூறுதல் ஆகாது. கரோட்டினில் பன்னிரண்டு பங்குக்கு ஒரு பங்கே ‘ஏ’ ஜீவசத்தாகக் கணக்கிடப்படுகிறது. அக்கணக்கின்படி 100 கிராம் மாம்பழம் அன்றாடத் தேவையில் ஒரு சிறு பங்கையே கொடுக்கும். முருங்கைக்கீரை இவ்விஷயத்தில் பழத்தினும் பன்மடங்கு உயர்ந்தது. மாம்பழத்தின் சிறப்பு யாதெனில், கீரையை விலக்கும் குழந்தையும் இதை விரும்பி உண்ணும் என்பதே. ஆறு மாதம் நிறைந்து தாய்ப்பாலுடன் வேறு ஆகாரமும் ஊட்டத் தொடங்கும்போது, நன்றாகப் பழுத்த, நாரில்லாத பழத்தை மசித்து ஒன்றிரண்டு கரண்டி கொடுக்கலாம். வெளிறிய சதையுள்ள பழத்தைவிட ஆழ்ந்த மஞ்சளும் செம்மஞ்சளுமான சதையுள்ளவற்றில் பொதுவாகக் கரோட்டின் அதிகம்.

மாங்காயை உப்பில் ஊறவைத்த மாவடுவும், வெயிலில் உலர்த்திய வற்றலும், எண்ணெயில் இட்ட ஊறுகாயும் ருசிக்கு உரியவை. சத்துக்காக அவற்றை நாடுதல் வீண். உலர்த்துவதிலும் நெடுநாள் வைத்திருப்பதிலும் ‘சி’ ஜீவசத்து பெரிதும் அழிந்துபோகிறது. அவற்றிலுள்ள உப்பு இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உகந்ததன்று.

சோற்றுடன் உண்ணும் வழக்கம்

தயிர்ச் சோற்றுக்கு மாம்பழத்தைத் தொட்டுக்கொள்வது தமிழ் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இது காரணமற்றதன்று. கரோட்டின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைவது. உணவில் சிறிதளவேனும் கொழுப்பு இருந்தாலன்றி அது குடலில் நன்கு கிரகிக்கப்படாது. பழத்திலோ கொழுப்பு இல்லை. தயிரிலும் பாலிலும் தாளிதத்திலும் உள்ள சொற்பக் கொழுப்பு அக்குறையைத் தீர்த்துவிடுகிறது. மேலும் தயிரிலுள்ள புரதமும் கொழுப்பும் உணவு ஜீரணமாகும் வேகத்தை மட்டுப்படுத்துவதால், பழத்தின் சர்க்கரை இரத்தத்தில் ஒருமிக்கப் பாய்வதும் குறைகிறது.

பழத்தைப் பிழிந்து சாறாக்கிச் சர்க்கரை சேர்த்துக் குடிப்பது இதற்கு நேர்மாறானது. நார் நீங்கிவிடுவதாலும், இரண்டு மூன்று பழங்களின் சர்க்கரை ஒரே குவளையில் அடங்கிவிடுவதாலும், அது பழம் உண்பதற்குச் சமமாகாது. புட்டிகளில் அடைத்து விற்கப்படும் மாம்பழப் பானங்களிலோ நீரும் சேர்க்கப்பட்ட சர்க்கரையுமே மிகுதி. பழத்தின் பங்கு குறைவு. சேர்க்கப்பட்ட சர்க்கரையும் சாற்றின் சர்க்கரையும் சேர்ந்து ஒருவர் பெறும் உஷ்ண சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் அறிவித்திருக்கிறது.

நீரிழிவுள்ளோர்

சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் முன்னின்ற முயற்சியால் இந்தியா முழுவதும் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். ஆகையால் கே. கே. நகரிலாயினும் வேறெங்காயினும், மாம்பழம் வாங்கும் குடும்பங்களில் பலவற்றில் அந்நோயாளர் ஒருவரேனும் இருப்பர்.

இவர்களுக்கு மாம்பழம் அடியோடு விலக்கு என்பது சரியன்று. இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும் வேகத்தில் இது மத்திமமானதே. தீங்கு செய்வது பழமன்று, அளவு கடத்தலே. 300 கிராம் எடையுள்ள பங்கனபள்ளி ஒன்றில் உண்ணத்தகும் சதை ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். அதில் மாவுப்பொருள் 30 கிராம். வயிறு நிறையச் சோறு உண்டபின் அதன்மேல் முழுப் பழத்தையும் உண்டால் சர்க்கரை ஏறாமலிராது. அப்பழத்தில் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அவ்வேளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். இதையும் வைத்தியரைக் கலந்து, இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துச் செய்வதே உத்தமம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், சர்க்கரை கட்டுக்கு அடங்காதிருப்போரும் வைத்தியர் சொற்படியே நடக்கவேண்டும். மூத்திரக்காய் நோய் முற்றிய சிலருக்குப் பொட்டாசியம் சத்து விலக்கப்பட்டிருக்கும். மாம்பழத்தில் அது உண்டாகையால் அவர்களும் கேட்டறிந்தே உண்ணவேண்டும்.

நோயற்றவர்க்கும் அளவு உண்டு. தேசிய போஷணை நிலையம் சாதாரண மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் பழம் எனக் குறித்திருக்கிறது. மாம்பழக் காலத்தில் சற்று மிகுந்தாலும் குற்றமில்லை, பழமே ஆகாரமாகிவிடலாகாது.

உஷ்ணம் என்னும் அச்சம்

மாம்பழம் உண்பதால் உடலில் உஷ்ணம் ஏறிக் கட்டிகள் உண்டாகின்றன என்பதற்குத் தக்க நிரூபணம் ஏற்படவில்லை. கட்டிகள் கிருமிகளால் உண்டாவன. கோடையில் வியர்வையும் புழுக்கமும் மிகுவதால் தோலில் அக்கிருமிகள் பெருகுகின்றன. மாம்பழக் காலமும் அதே காலமாயிருப்பதால் பழி பழத்தின்மேல் விழுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் முதியோரின் எச்சரிக்கை உண்மையானது. மாங்காயின் காம்பில் வடியும் பாலில் தோலை அரிக்கும் பொருள் உண்டு. அது உதட்டிலும் முகத்திலும் பட்டால் சிலருக்குப் புண்ணும் தடிப்பும் உண்டாகும். பழத்தைக் கடித்துச் சப்பி உண்ணும் குழந்தைகளின் வாயோரத்தில் காணப்படும் புண்ணுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். பழத்தைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, காம்புப் பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, அப்பாகத்தை அரிந்து எறிந்துவிட்டு, தோல் சீவிக் கொடுத்தல் வேண்டும். நீரில் ஊறவைக்கும் பழைய வழக்கம் உஷ்ணத்தை நீக்குவதற்கன்றி, பாலையும் தூசியையும் நீக்குவதற்கே பயன்படுகிறது.

கல் வைத்துப் பழுக்கவைத்தல்

மூன்றாவது ஐயமே மிகவும் கவனிக்கத்தக்கது. கல் என்று சந்தையில் வழங்குவது கால்சியம் கார்பைடு. இரும்புப் பட்டறைகளில் உலோகத்தைப் பற்றவைப்பதற்காக இதை நீரில் நனைத்து அசிட்டிலீன் வாயு எடுப்பதுண்டு. காய்க் குவியலின் நடுவே பொட்டலமாக இதை வைத்தால், காயிலிருந்து வரும் ஈரம்பட்டு அதே வாயு எழும்பி, ஓரிரண்டு நாளில் தோலை மஞ்சளாக்குகிறது. இக்கல்லில் பாஷாணமும் பாஸ்பரஸும் கலந்திருப்பது சாதாரணம். அவற்றின் நச்சு பழத்தின்மேல் படியக்கூடும். தலைசுற்றல், தாகம், வாந்தி, விழுங்குவதில் வருத்தம், தோல் புண் முதலியன இதனால் நேரக்கூடுமென இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனம் எச்சரித்திருக்கிறது. பழக்கூடத்தில் கல்லைக் கையாளும் கூலியாட்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

பழைய உணவுக் கலப்படத் தடை விதிகளிலேயே இது விலக்கப்பட்டிருந்தது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதைத் தடுத்திருக்கின்றன. 2024 மே மாதத்தில் அந்த ஸ்தாபனம் வியாபாரிகளுக்கு மறுபடியும் எச்சரிக்கை விடுத்தது. பருவந்தோறும் கோயம்பேட்டில் அதிகாரிகள் சோதனை நடத்திப் பழங்களை அழிப்பதும் நடக்கிறது. சட்டம் இருந்தும் வழக்கம் முற்றும் ஒழியாதிருப்பதற்குக் காரணம் விலையே. பருவத்தின் தொடக்கத்தில் வரத்து குறைவு, விலை அதிகம். தோப்பு பெரும்பாலும் பூ விடும் காலத்திலேயே வியாபாரியிடம் குத்தகைக்கு விடப்பட்டுவிடுகிறது. குத்தகை எடுத்தவர் முதல் போட்ட பணத்தை விரைவில் எடுக்கும்பொருட்டு முதிராத காயைப் பறிக்கிறார். முதிராத காய் தானாகப் பழுக்காது. ஆகவே கல் தேவைப்படுகிறது. தோல் மஞ்சளாகிறதேயன்றி, உள்ளே மாவு சர்க்கரையாவதும் மணம் உண்டாவதும் குறைவுபடுகின்றன. உண்போர் நச்சுக்கு அஞ்சி வாங்குவதோ சத்தும் சுவையும் குன்றிய பழம்.

அனுமதிக்கப்பட்ட முறை

காய் முதிர்ந்தபின் தன்னுள்ளிருந்தே எதிலீன் என்னும் வாயுவைச் சொற்பமாக வெளியிட்டுப் பழுக்கிறது. வைக்கோலிலும், அரிசிப் பானையிலும், சாக்கிலும் மூடிவைக்கும் நம் பழைய முறை இவ்வாயுவைச் சிதறாமல் தடுத்து வைப்பதேயாகும். இதே எதிலீனைப் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்குக்கு மேற்படாமல் செலுத்தி, 20 முதல் 22 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரமும் உள்ள மூடிய அறையில் பழுக்கவைக்க 2016 முதல் அனுமதி உண்டு. பொடியாகப் பொட்டலத்தில் வைக்கப்படும் எதிலீன் மருந்து பழத்தின்மேல் நேரே படாதிருக்கவேண்டும். காயைக் கரைசலில் முக்கி எடுப்பது தகாது.

குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை

1. காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, தோலின் கரும்பச்சை மாறி வெளிறிய பின்னரே பறிக்கவேண்டும். மரத்தில் ஒன்றிரண்டு பழங்கள் தானாகப் பழுத்து உதிர்வது முதிர்ச்சிக்கு நல்ல அடையாளம்.

2. சில காய்களை நீரிலிட்டுப் பார்க்கலாம். முதிர்ந்தவை மூழ்கும், இளங்காய்கள் மிதக்கும்.

3. மரத்தை உலுக்கியும் தடியால் அடித்தும் வீழ்த்தலாகாது. வலை கட்டிய துரட்டியால் சிறிது காம்புடன் பறித்து, காம்பைக் கிள்ளிக் காயைத் தலைகீழாக வைத்துப் பால் வடியவிடவேண்டும். பால் படிந்த தோல் கருகி, விலை குறையும்.

4. பூச்சி மருந்து தெளித்தபின், அம்மருந்துக்குக் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தல் தகாது.

5. குத்தகைப் பத்திரத்திலேயே முதிராத காயைப் பறிப்பதில்லை, கல்லை உபயோகிப்பதில்லை என்னும் நிபந்தனைகளை எழுதிக்கொள்வது நலம். இயன்றவர்கள் கூட்டாகச் சேர்ந்து எதிலீன் அறை அமைத்தால் அதன் செலவு பகிர்ந்துபோகும். அரசாங்கத் தோட்டக்கலை இலாகாவின் அலுவலர்களை அணுகினால் இதற்குரிய யோசனையும், அவ்வப்போது நடைமுறையிலுள்ள உதவிகளின் விவரமும் கிடைக்கும்.

வாங்குவோர் கவனிக்கவேண்டியவை

நிறம் ஒன்றைக் கொண்டு பழத்தை நம்பலாகாது. காம்பினருகில் மணம் வீசுவதும், இலேசாக அழுத்தினால் நெகிழ்வதும் இயல்பாகப் பழுத்ததற்கு அடையாளங்கள். நீரில் மிதக்கும் பழம் கல் வைத்ததென்று சிலர் சொல்வர். அச்சோதனை முதிர்ச்சியைத்தான் காட்டும், கல்லைக் காட்டாது. கண்ணால் மட்டும் பார்த்துக் கல்லை நிச்சயிக்க இயலாதாகையால், பருவம் தொடங்குமுன் அவசரப்பட்டு வாங்காதிருப்பதே சிறந்த காப்பு. முதிர்ந்த காயாக வாங்கி வீட்டில் வைக்கோலிலோ காகிதத்திலோ வைத்துப் பழுக்கவிடலாம். சாதாரணமாக நான்கைந்து நாட்களில் பழுத்துவிடும். பழுக்கும் முன் குளிர்ப்பெட்டியில் வைக்கலாகாது. கடுங்குளிரில் காய் பழுக்கும் சக்தியை இழந்து, தோல் கறுத்துப்போகும். பழுத்தபின் இரண்டொரு நாள் அதில் வைத்திருக்கலாம். எப்பழமாயினும் ஓடும் நீரில் நன்கு கழுவித் தோல் சீவி உண்ணவேண்டும்.

முடிவுரை

மாம்பழம் மருந்தன்று, ஒரு நோயையும் தானே தீர்ப்பதாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் கோடைக்காலத்தில் ஏழை எளியோருக்கும் கிட்டக்கூடிய ‘சி’ ஜீவசத்தையும், கரோட்டினையும், நாரையும் ஒருங்கே கொண்டு, எவ்வயதினரும் விருப்புடன் உண்ணும் கனி இதற்கு நிகராக வேறொன்று அரிது. ‘மாங்காய்’ என்னும் சொல்லின் அடியிலிருந்தே போர்த்துகீசியரின் வாய்வழியாக இக்கனிக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் ஏற்பட்டது. உலகத்திற்குப் பெயரைக் கொடுத்த நாட்டில், கே. கே. நகரில் உள்ள ஒரு தாய் தன் குழந்தைக்கு இக்கனியைக் கொடுக்க அஞ்சும் நிலை நீடிக்கலாகாது. கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ உள்ள தோப்பில் காய் முதிரும்வரை பத்து நாள் பொறுத்திருக்கும் குடியானவர் அந்த அச்சத்தைப் போக்குகிறார். அவருடைய பழத்தின் நற்பெயரும் அதனாலேயே நிலைக்கும். இப்பருவத்தில் தோப்புடையோரும், மண்டி வியாபாரிகளும் இதனைக் கவனித்து நடப்பார்களாக.